விலாசம் மாறினால்

நமது சங்கத்து மாத இதழில் கோயில் விசேஷங்களும், பண்டிகைக் குறிப்புகளும், பிள்ளைகளின் தேர்வு முடிவுகளும் வெளிவருவது வழக்கம். கணிப்பொறி சம்பந்தமான விஷயம் ஒன்றை இதில் எழுத முற்படுவது கண்டு அன்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கலாம். அதிலும், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாம் அதனை எழுதுவது பொருந்துமா என்றும் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும், இன்று நம் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையேனும் இத்தொழிலில் புகுந்திருக்கிறது. அப்பிள்ளைகள் நள்ளிரவு கடந்தும் கண் விழித்து என்னதான் செய்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. கேட்டால் அவர்கள் சொல்வதும் இல்லை. நம் இல்லத்தில் அவ்வாறு விழித்திருந்த பிள்ளை, கேட்டபோது சொன்னான். அவன் சொன்னதில் நமக்கு விளங்கிய அளவை எழுதுகிறோம். அதனிடையே நம் குடும்பத்துப் பழைய துக்கம் ஒன்றும் வந்து கலந்துகொள்ளும், அன்பர்கள் பொறுத்தருள்க.

அவன் நம் தமக்கையின் மகன். தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்து, டிப்ளமாப் படிப்பை முடித்துக்கொண்டு, வேலை தேடி நாகபுரிக்கு நம்மிடம் வந்து சேர்ந்தவன். தந்தையை இழந்த பிள்ளை. இவ்வூரிலேயே ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. ஆறு மாதம் பரீட்சார்த்தமாக வைத்துக்கொண்டு, அதன்பின் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். ஊரில் வீட்டின் பேரில் தமக்கை வாங்கிய கடன் ஒன்று நிற்கிறது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: “நிரந்தரம் ஆக்கிவிட்டார்களா?”

அந்நிறுவனம் செய்வது யாதெனில், சிறு மருத்துவமனைகளையும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருள். காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு மாலையில் கைப்பேசியில் முடிவு வந்து சேருகிறதன்றோ, அந்த வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே யந்திரம் போல் தோன்றும். உள்ளேயோ, ஒரு பெரிய ஆபீசைப் போலத் தனித்தனிப் பிரிவுகள்: நோயாளி பெயரைப் பதிவது ஒன்று, பில் போடுவது ஒன்று, பரிசோதனை முடிவைச் சேமித்து வைப்பது ஒன்று, அதை எடுத்து உரியவருக்கு அனுப்புவது ஒன்று. இவை ஒவ்வொன்றுக்கும் ‘சேவை’ என்று பெயர். வாடகைக்கு எடுத்த கணிப்பொறிகளில் அவை ஓடுகின்றன. ஒரு கணிப்பொறி பழுதானால் சேவை வேறொன்றுக்குக் குடிபெயரும். கூட்டம் மிகுந்தால் ஒன்று இரண்டாகும். குடிபெயரும்போதெல்லாம் அதன் விலாசம் மாறும். விலாசம் என்று இங்கே சொல்வது ஓர் ஐ.பி. எண்ணும் ஒரு போர்ட் எண்ணும் சேர்ந்தது. தெரு எண்ணும் கதவு எண்ணும் போல.

இத்தனை குடியிருப்பு மாற்றங்களையும் எவர் நினைவில் வைப்பது? அதற்காகவே ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு சேவையும் எழுந்தவுடன் அப்பதிவேட்டுக்குச் சென்று தன் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைக்கும். பதிவேட்டுக்காரரும் சும்மா இராமல், பத்து நொடிக்கொருமுறை கதவைத் தட்டி, “இருக்கிறாயா?” என்று விசாரித்து, பதில் வராதாயின் ‘ஆபத்து’ என்று குறித்துக்கொள்வார். நம் பிள்ளையின் நிறுவனத்தில் வைத்திருந்தது கன்சல் என்னும் பதிவேடு. ஹாஷிகார்ப் என்ற அமெரிக்க நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்டது.

பதிவேடு ஒழுங்காகத்தான் இருந்தது. அதைப் படித்தவர்தாம் ஒழுங்காக இல்லை. முடிவுகளை அனுப்பும் சேவை, காலையில் எழுந்தபோது ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து விலாசத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஒருநாள் இரவு, முடிவுகளைச் சேமிக்கும் சேவை வேறு கணிப்பொறிக்குக் குடிபெயர்ந்தது. பதிவேட்டில் புது விலாசம் ஏறிவிட்டது. அனுப்பும் சேவையோ பழைய கதவையே விடியும்வரை தட்டிக்கொண்டிருந்தது. அவ்விரவு எவருக்கும் முடிவு போய்ச் சேரவில்லை. சிறுநீரக நோயாளி ஒருவரின் இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று அறியக் காத்திருந்த மருத்துவர், இறுதியில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆளை அனுப்பி, தாளில் எழுதி வாங்கி வரச் செய்தாராம். மறுநாள் அம்மருத்துவர் தொலைபேசியில் பேசிய பேச்சை நம் பிள்ளையும் கேட்டிருக்கிறான். அவனுடைய மேலதிகாரி அவனை அழைத்து, “இனி எந்த விலாசம் மாறினாலும், அதை நம்பியிருக்கும் அத்தனை பேருக்கும் தானாகவே செய்தி போக வேண்டும். இது உன் பொறுப்பு” என்றார். பரீட்சைக் காலத்தில் எஞ்சியிருந்தவை ஐந்து வாரங்கள்.

இதை அவன் சொல்லக் கேட்டபோது நமக்கு நினைவுக்கு வந்தது கணிப்பொறியன்று, 1998ஆம் ஆண்டு.

அப்போது நமக்கு ஒன்பது வயது. தந்தையார் ரயில்வேயில் இருந்தார். நம் வீட்டில் தொலைபேசி இல்லை; பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் இன்ஸ்பெக்டர் வீட்டு எண்ணைத்தான் ஊரில் எல்லோரிடமும் கொடுத்திருந்தோம். மே மாதம் அவருக்கு மாற்றலாயிற்று. எண்ணும் அவரோடு போயிற்று. சில நாள் கழித்து நமக்கும் காலனியின் மறுகோடியில் வேறு குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். தந்தையார் புது விலாசத்தை ஊருக்குக் கடிதம் எழுதிப் போட்டார். அக்கடிதம் வழியிலிருக்கும்போதே ஊரில் ஆச்சி காலமானாள். சிற்றப்பா கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்தில் நின்று அந்தப் பழைய எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தாராம். மணி அடித்ததாம், எடுப்பாரில்லை. தந்தி கொடுத்தார். அது பழைய குவார்ட்டர்ஸின் பூட்டிய கதவைக் கண்டு, அங்குமிங்கும் அலைந்து, மூன்றாம் நாள் நம்மிடம் வந்து சேர்ந்தது. தலைமகன் இல்லாமலே எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் தந்தையாரால் நிற்க முடிந்தது. எவரையும் அவர் நொந்துகொள்ளவில்லை. நொந்துகொள்ள ஆளும் இல்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும், சாமான் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, உறவினர் அனைவருக்கும் பதில் கார்டு சேர்ந்த தபால் கார்டு எழுதுவார். ‘கிடைத்தது’ என்று பதில் கார்டு வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. வராதவருக்கு மறுபடியும் ஒரு கார்டு. 2011இல் அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். நாம் உத்தியோகத்தில் சேர்ந்ததும் அந்த வழியில்தான். அந்தக் கோடு போட்ட நோட்டு இன்றும் நம் பெட்டியில் இருக்கிறது.

நிற்க. மாற்றத்தை அறிவிப்பதற்கு இத்தொழிலில் உள்ள வழிகளை நம் பிள்ளை விவரமாகச் சொன்னான். மிக எளிய வழி, சிறிது நேரத்துக்கொருமுறை தானே போய்ப் பார்த்து வருவது. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தார் 2012இல் பொதுவில் வெளியிட்ட யுரேகா என்னும் பதிவேட்டில், வழக்கமான அமைப்பில், படிப்பவர் முப்பது நொடிக்கொருமுறை வந்து படித்துப் போகிறார். குற்றமொன்றும் இல்லை; ஆனால் மாற்றம் நேர்ந்த கணத்துக்கும் அடுத்த வருகைக்கும் இடையே பழைய விலாசந்தான் கதி.

‘மாறினால் எனக்குச் சொல்லியனுப்பு’ என்று பதிவேட்டிடமே எழுதிக் கொடுத்துவிடுவது மற்றொரு வழி. இது புதிதன்று. 2000ஆம் ஆண்டில் ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், அரீபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து யூ.டி.டி.ஐ. என்னும் உலகப் பொதுப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கின. அதன் மூன்றாம் பதிப்பு விதிகளிலேயே, சந்தாக்கட்டி மாற்றச் செய்தி பெறும் முறை இருந்தது. நம் இதழுக்குச் சந்தாக் கட்டுவது போலத்தான். அப்பொதுப் பதிவேட்டை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள்; சந்தா முறை மட்டும் பிற்காலத்தவரிடம் தங்கிவிட்டது. ஜூகீப்பர் என்னும் வேறொன்றில் ஒரு விசித்திரம். அதனிடம் ‘காவல்’ வைத்தால் ஒருமுறைதான் சொல்லும். சொன்னதும் கடமை தீர்ந்ததென்று போய்விடும். மறுபடியும் நாமே காவல் வைத்தாக வேண்டும். அந்த இடைவெளியில் நேர்ந்ததற்குத் தனி அறிவிப்பு இல்லை. 2020இல் வந்த 3.6 என்னும் பதிப்பில்தான் நிலையான காவல் ஏற்பட்டது. அதுவரை எத்தனை பிள்ளைகள் எத்தனை இரவு விழித்தார்களோ!

கன்சலின் வழி நமக்கு மிகவும் பிடித்தது. கேள்வி கேட்பவர் கவுண்டரில் வந்து நின்று, “எனக்குத் தெரிந்த கடைசி எண் இது, இதன்பின் ஏதேனும் மாறியதா?” என்கிறார். மாறியிருந்தால் உடனே பதில். மாறவில்லையெனில் குமாஸ்தா விரட்டுவதில்லை. அப்படியே நிற்க வைக்கிறார். மாற்றம் வந்த கணமே சொல்லிவிடுகிறார். ஐந்து நிமிடம் வரை ஒன்றும் வராவிட்டால், அதற்குமேல் சில நொடிகள் முன்பின்னாக, “ஒன்றும் இல்லை” என்று பதில் கொடுத்தனுப்புகிறார். கேட்டவர் திரும்பவும் வந்து நிற்கிறார். வேண்டினால் பத்து நிமிடம் வரையில் நிற்க வைக்கலாம், அதற்குமேல் இல்லை. இதன்மீதே ‘வாட்ச்’ என்று ஒரு ஏற்பாட்டையும் கட்டியிருக்கிறார்கள்: எந்தச் சேவையைக் கவனிக்க வேண்டும், மாறினால் எந்த விலாசத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று சில வரிகள் எழுதி வைத்தால் போதும்.

அந்தச் சில வரிகளை நம் பிள்ளை முதல் நாளே எழுதிவிட்டான். பத்து மணிக்கே படுக்கப் போனான். நாமும் வேலை முடிந்ததென்றே எண்ணினோம். மறுநாள் முதல்தான் தொல்லை. கன்சலுக்கு அமைப்பை மறுபடி படிக்கச் சொல்லும்போதெல்லாம், மாற்றம் ஒன்றும் இல்லாமலே ஓர் அறிவிப்பு போயிற்று. அறிவிப்பு என்பது ‘இதோ இருக்கும் நிலை’ என்று சொல்வதேயன்றி, ‘இது புதிது’ என்று உறுதி கூறுவதன்று. இதனை அவன் விரைவில் புரிந்துகொண்டான். செய்தியைப் பெறுவோர் அதிலுள்ளதைக் கூட்டிக் கழித்துக்கொண்டிராமல், ‘பதிவேட்டைப் போய்ப் பார்’ என்னும் சைகையாக மட்டும் அதனைக் கொண்டு, பட்டியல் முழுவதையும் புதிதாகப் படிக்க வேண்டும் என்று விதி செய்தான். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் கெடுதலில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை அடுத்த வாரம் வந்தது. வேலை மிகுந்த காலை நேரத்தில் ஒரு சேவை மூச்சுத் திணறி, தட்டிய கதவுக்கு ஒருமுறை பதில் சொல்லாமலும் மறுமுறை சொல்லியும் தடுமாறிற்று. ‘இல்லை’, ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று செய்திமேல் செய்தி. பிள்ளையின் கைப்பேசி சாப்பாட்டுத் தட்டின் அருகே இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. “அதை அணைத்துவிட்டுச் சாப்பிடப்பா” என்றாள் அவன் அத்தை. “அணைத்தால் உண்மையில் விழுந்தாலும் தெரியாதே, அத்தை” என்றான். கன்சலில் இதற்கும் இடம் இருந்தது. தொடர்ந்து மூன்று முறை பதில் வராதிருந்தாலன்றி ஆபத்தென்று குறிக்காதே, தொடர்ந்து இரண்டு முறை பதில் வந்தாலன்றிச் சுகமென்று குறிக்காதே, என்று சொல்லி வைக்கலாம். இதனால் உண்மையான ஆபத்தும் சற்றேறக்குறைய அரை நிமிடம் தாமதித்தே தெரியவரும். அவனுக்கு அத்தாமதம் மனத்தை உறுத்திற்று. நம் கருத்து வேறு. ஓயாமல் அலறும் மணியை எவனாவது ஒருவன் ஒருநாள் துணியைச் சுற்றி அடைத்தே தீருவான். அரை நிமிடம் எவ்வளவோ மேல்.

இவ்விடத்தில் நம் இலாகா வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதையில் ஏதேனும் ஓரிடத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்தால், வேகத்தைக் குறைக்கும்படி ரயில் ஓட்டுநருக்கும், 2022 முதல் ட்ரெயின் மானேஜர் என்று பெயர் மாறிய கார்டுக்கும் ‘காஷன் ஆர்டர்’ என்னும் எச்சரிக்கைத் தாளைக் கொடுப்பார்கள். அதன் படிவ எண் டி 409. பெற்றுக்கொண்டு கையொப்பமிட வேண்டும். எச்சரிக்கை ஒன்றும் இல்லாத நாளில் என்ன செய்வார்கள்? சும்மா விட்டுவிடுவார்கள் என்றுதான் அன்பர்கள் நினைப்பீர்கள். இல்லை. அதற்கும் ஒரு தாள் உண்டு; டி-ஏ 409, அதாவது ‘எச்சரிக்கை ஏதுமில்லை’ என்று அறிவிக்கும் தாள். தாள் வரவில்லையென்றால், எச்சரிக்கை இல்லை என்று ஓட்டுநர் தாமே பொருள் செய்துகொள்ள இடமில்லை.

இதை ஓரிரவு பேச்சுவாக்கில் சொன்னோம். பிள்ளை கணிப்பொறியிலிருந்து தலையைத் தூக்கி, “மாமா, அந்த இரண்டாவது தாளை இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றான். அவன் மனத்தில் இருந்த பயம் அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. காவல் காப்பவனே செத்துப்போனால் என்ன ஆகும்? செய்தி வராது. செய்தி வராததை ‘மாற்றம் இல்லை’ என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பழைய இரவே திரும்பவும் வரும்.

ஆகவே அந்தச் சில வரி ஏற்பாட்டை அவன் கைவிட்டான். கவுண்டரில் போய் நிற்கும் நிரல் ஒன்றைத் தானே எழுதினான். ஐந்து நிமிடத்துக்குப் பின் கிடைக்கும் ‘ஒன்றும் இல்லை’ என்ற பதிலை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவன் அதையே டி-ஏ 409 ஆக்கினான். அது வரும்போதெல்லாம் நேரத்தைக் குறிக்கச் செய்தான். ஆறு நிமிடம் வரை எவ்வகைப் பதிலும் குறிக்கப்படாவிட்டால், வேறொரு கணிப்பொறியிலிருந்து அவனுக்கு மணி அடிக்கும். பதிவேட்டின் வரிசை எண் எப்போதாவது பின்னோக்கிப் போயிருந்தால் (பதிவேட்டையே பழைய பிரதியிலிருந்து மீட்டெழுதும்போது அப்படி நேரலாம்), வீம்பு பிடிக்காமல் பூஜ்யத்திலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும் என்றும் எழுதினான். இது கன்சல்காரர்களே கூறியுள்ள அறிவுரைதான், படிப்பவர் குறைவு.

தந்தையாரின் நோட்டை அவனுக்குக் காட்டியது நம் மனைவி. பதில் கார்டு வந்தவர் பெயருக்கு நேரே கோடு. அவன் நெடுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். சிற்றப்பாவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு மாற்றலிலும் இரண்டு கோடுகள் இருந்ததைக் கண்டு, ஏனென்று கேட்டான். காரணம் சொன்னோம். மறுநாள் அவன் செய்த ஏற்பாடு இது: செய்தி பெற்று விலாசத்தைத் திரும்பப் படித்த ஒவ்வொரு சேவையும், தான் படித்தது எந்த எண் வரையில் என்று கன்சலிலேயே தன் பெயரில் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். அனுப்பினோம் என்பதோடு நில்லாமல், பெற்றார்களா என்பதும் தெரியும்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒத்திகை. மேலதிகாரி தொலைபேசியில் இருந்தார். முடிவுகளைச் சேமிக்கும் சேவையை, வேண்டுமென்றே, பழைய கணிப்பொறியில் நிறுத்திப் புதியதில் எழுப்பினான். அதை நம்பியிருந்த சேவைகள் ஏழு. நம் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். திரையில் ஒவ்வொன்றாகக் குறிப்பு ஏறியது. மூன்று, நான்கு, ஆறு. அதற்கு மேல் ஏறவில்லை. ஏழாவது, பில் போடும் சேவை. அது பதிவேட்டைப் பார்த்ததே இல்லையாம். முன்னொரு காலத்தில் எழுதியவர் விலாசத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டார். சில நிமிடங்கள் பில் வரவில்லை. பிள்ளை பழைய கணிப்பொறியிலும் சேவையைத் திரும்ப எழுப்பி நிலைமையைச் சரிசெய்தான். மேலதிகாரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இது இத்தனை நாளாக இப்படியா இருந்தது?” என்று கேட்டு, அந்தப் பில் சேவையைத் திருத்துவதையும் இவனிடமே ஒப்படைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாலையில் தமக்கை தொலைபேசியில் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“இன்னும் இல்லை, அம்மா. ஏழில் ஆறு கையெழுத்து வந்துவிட்டது” என்றான்.

அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. “சாப்பிட்டாயா?” என்றாள்.